மடங்க மறுத்த மோதிர விரல்

ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே என் விரலை நானே மடக்கிக் காட்டினேன் என்று சொன்னால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பாதிப்பேர் நம்புவதில்லை. "மயக்கத்துல கனாக் கண்டிருப்பீங்க" என்று சிரிக்கிறார்கள். எனக்கு மயக்க மருந்தே கொடுக்கவில்லை என்றால் அதையும் நம்புவதில்லை. எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது? எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. விளையாடும்போது விரலில் அடிபட்டு, சுளுக்குத்தான், தானாகப் போய்விடும் என்று துணி சுற்றிக்கொண்டு திரிகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உடனே ஒரு காரியம் செய்ய வேண்டும். அது என்ன என்பதைக் காவ்யா என்ற பெண் எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் சொல்கிறேன்.

என் பெயர் தேன்மொழி. வயது முப்பத்தாறு. கணபதி என்ற பகுதியில் வீடு. நடந்துபோகிற தூரத்தில் வேலை. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற ஒர்க்‌ஷாப் அது. மோட்டாருக்குள் இருக்கும் காடி என்கிற குறுகலான நீளப் பள்ளங்களில் செம்புக் கம்பியை விரல் நுனியால் அழுத்தி அழுத்தி உட்கார வைக்க வேண்டும். கம்பி எங்கே பிசகுகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் சிவக்குமார் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் யாழினி, ஆறாம் வகுப்பு.

இது போக எனக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. கபடி. கல்லூரி அணியில் நான் இடது கார்னர். பாடி வருகிற ரெய்டரின் கணுக்காலைப் பிடித்து மடக்குவதில் எனக்கு ஒரு பேர் இருந்தது. கல்யாணம், குழந்தை என்று பத்து வருஷம் மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், என்னைப் போலவே பழைய ஆட்டக்காரிகள் ஏழெட்டுப் பேர் வாட்ஸ்ஆப்பில் ஒன்றுசேர்ந்து, காலை ஐந்தரைக்கு ஒரு பள்ளி மைதானத்தில் ஆட ஆரம்பித்தோம். முதல் நாள் ஆடிவிட்டு வந்து இரண்டு நாள் படியேற முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததாக யாழினி சொன்னாள்.

அன்னூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. எங்கள் அணிக்கும் ஒரு கல்லூரி அணிக்கும். எங்களைச் சும்மா மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம்! கூட்டம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. அவர்களின் கடைசி ரெய்டு. வந்தவள் காவ்யா. ஒல்லியான பெண், ஆனால் கால் தரையில் படுகிறதா இல்லையா என்று தெரியாத வேகம். எங்கள் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நான் கார்னரிலிருந்து பாய்ந்தேன். இடுப்பைப் பிடிக்கப்போன கை வழுக்கியது. அவள் ஜெர்சியின் கீழ் விளிம்பில் என் வலது மோதிர விரல் மாட்டிக்கொண்டது.

துணியைப் பிடிப்பது தப்பாட்டம். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நொடியில் விரல் தெரிந்து செய்வதில்லை. அது மடங்கிக்கொண்டது. அவள் கோட்டை நோக்கி இழுத்தாள், நான் பின்னால் இழுத்தேன். மடங்கப் பார்த்த விரலை ஜெர்சி நிமிர்த்தியது. அப்போது கைக்குள் 'டப்' என்று ஒன்று விட்டது. காதால் கேட்டேனா எலும்பால் கேட்டேனா தெரியாது. நடுவர் விசில் ஊதினார். புள்ளிகள் அவர்களுக்கு. நாங்கள் தோற்றோம்.

விரல் வீங்கியது. ஐஸ் வைத்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை, சுளுக்கு, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. நானும் விரல் மடங்குகிறதா என்று பார்க்கவே இல்லை. வீக்கத்தில் எந்த விரல்தான் மடங்கும்?

நான்காம் நாள் வேலைக்குப் போனேன். கட்டைப் பிரித்துவிட்டுக் கம்பியைத் தள்ளினால், மோதிர விரல் நுனி பின்பக்கமாக வளைந்துகொடுத்தது. அழுத்த முடியவில்லை. உள்ளங்கையில் ஒரு சின்ன உருண்டை போல ஏதோ தட்டுப்பட்டது, தொட்டால் வலித்தது. வீக்கம் வடிய வடியச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு காவ்யா.

"ஏனுங்க்கா, என்னைத் தெரியுதுங்களா?"

"ஜெயிச்சுப்போட்டுப் போன புள்ளையை மறப்பனா? உள்ள வா கண்ணு."

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "என் ஜெர்சினால உங்களுக்கு அடிபட்டுருச்சுன்னு உங்க டீம் அக்கா சொன்னாங்க. அன்னைல இருந்து மனசே சரியில்லீங்க்கா" என்றாள்.

"ஃபவுல் பண்ணுனது நானு. நீ எதுக்குச் சங்கடப்படுற?"

அவள் பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் கையைப் பார்க்கலாமா என்று கேட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மோதிர விரலின் நடுமூட்டை இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நுனியை மட்டும் மடக்குங்க்கா."

மடக்கினேன். அதாவது, மடக்கச் சொல்லி உத்தரவு போட்டேன். விரல் அப்படியே நின்றது. நுனி ஒரு மயிரிழைகூட அசையவில்லை. வலித்தால் பரவாயில்லை. வலிக்கவும் இல்லை. என் விரலிடம் நான் பேசுகிறேன், அதற்குக் காது கேட்கவில்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

பக்கத்து விரலைப் பிடித்து அதேபோலச் சொன்னாள். அது சட்டென்று மடங்கியது. திரும்ப மோதிர விரல். அசையவில்லை.

காவ்யாவின் முகம் மாறிவிட்டது. "அக்கா, இது சுளுக்கு இல்லீங்க. இதுக்குப் பேரே ஜெர்சி விரல்னுதான் புஸ்தகத்துல இருக்குது. தசைநார் எலும்பை விட்டுக் கழண்டுருக்குது. அடிபட்டு எத்தனை நாளாச்சுங்க?"

"நாளையோட ஒரு வாரம்."

"இப்பவே கிளம்புங்க்கா. சட்டையை மாத்தாட்டியும் பரவாயில்ல."

இதுதான் நான் சொல்ல வந்த காரியம். விளையாட்டில் விரல் அடிபட்டால், நடுமூட்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். மடங்கவில்லை என்றால் அன்றைக்கே கை டாக்டரிடம் போங்கள்.

காவ்யா தன் ஆசிரியருக்கு ஃபோன் போட்டு, கைக்கென்றே தனியாகப் படித்த டாக்டர் சுகந்தி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எத்தனை மணிவரை பார்ப்பார் என்று விசாரித்துவிட்டாள். சிவக்குமார் வேனை எடுத்தார். பள்ளிக் குழந்தைகள் இருபது பேர் உட்காரும் வேனில் நானும் காவ்யாவும் யாழினியும் மட்டும் போனோம். சொல்லிவைத்தாற்போல எல்லாச் சிக்னலிலும் மாட்டினோம்.

அந்தக் காத்திருப்பு அறையை மறக்கவே முடியாது. அது ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை, தோற்றுப்போன விளையாட்டு விழா மாதிரி இருந்தது. எனக்கு இடப்பக்கம் ஷட்டில் ஆடுகிற ஒரு வங்கி மேனேஜர். ஓங்கி அடித்து அடித்துத் தோளில் தசைநார் கிழிந்து, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதாம். அவருக்கு அடுத்து ஒரு விக்கெட் கீப்பர் பையன். பந்து விரல் நுனியில் குத்தி, மேல்பக்கத் தசைநார் அறுந்து, நுனி சுத்தியல் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மடங்காத நோய், அவனுக்கு நிமிராத நோய். எதிரே தொண்டாமுத்தூரிலிருந்து வந்த ஒரு தென்னை விவசாயி, பெயர் பழனிச்சாமி. முழங்கை வெளிப்பக்கம் வலி.

"டென்னிஸ் எல்போன்னு சொல்றாங்கம்மணி. நான் டென்னிஸ் பந்தைக் கண்ணால பாத்ததில்ல. அருவா புடிச்சுத்தான் வந்துச்சு. ஆனா பேரு மட்டும் பெரிய எடத்துப் பேரா வெச்சுட்டாங்க."

அத்தனை பயத்திலும் நான் அங்கே வாய்விட்டுச் சிரித்தேன்.

டாக்டர் சுகந்தி என் கையைத் தொடுவதற்கு முன்னால் சும்மா பார்த்தார். மேசையில் கையை மல்லாக்க வைக்கச் சொன்னார். மற்ற விரல்கள் எல்லாம் லேசாக வளைந்து ஓய்வாகக் கிடந்தன. மோதிர விரல் நுனி மட்டும் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா, இது மட்டும் கூட்டத்தோட சேரல" என்றார். காவ்யா செய்த அதே சோதனையைச் செய்தார். பிறகு ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு எடுப்பார்களே, அதே ஒலி அலை ஸ்கேன்தான், விரலுக்கும் எடுக்கலாம் என்று எனக்குத் தெரியாது. ஜெல்லைத் தடவி, விரலில் ஆரம்பித்து உள்ளங்கைவரை கருவியை நகர்த்திக்கொண்டே வந்தார்கள். நான் தடவிப் பார்த்த அந்த உருண்டையின் மேல் வந்ததும் நிறுத்தினார்கள்.

"இங்க இருக்குதுங்க நார்" என்றார் டாக்டர். "வண்டில பிரேக் ஒயர் இருக்குதில்லீங்களா, லீவரைப் புடிச்சா சக்கரத்துல பிடிக்கும். அந்த மாதிரி, முழங்கைகிட்ட இருக்கற சதை இழுத்தா விரல் நுனி மடங்கணும். உங்களுக்கு ஒயரு நுனியில கழண்டு, சுருண்டு உள்ளங்கைக்கே வந்துருச்சு. சதை இழுக்குது, அங்க வேலை செய்ய ஆளில்ல."

"கட்டிட்டாச் சரியாயிருங்களா?"

"கட்டலாங்க. ஆனா அதுக்கு ரத்தம் போற வழியும் அறுந்துபோச்சு. பத்து நாளைக்குள்ள இழுத்துக் கட்டிட்டா நல்லது. விட்டா நார் சுருங்கிக்கும், அது ஓடற குழாயும் அடைச்சுக்கும். அப்பறம் இழுத்தாலும் எட்டாது."

சிவக்குமார் விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் டாக்டரே சொன்னார்: "திங்கக்கிழமை காலைல முதல் கேஸ் நீங்கதாங்க. எட்டாவது நாள். இன்னும் நேரம் இருக்குது."

இன்னும் நேரம் இருக்கிறது! அந்த மூன்று வார்த்தைக்காக அவர் காலில் விழலாம் போல இருந்தது. வெளியே வந்ததும் காவ்யா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பரீட்சைக்காகப் படித்த சோதனையை உண்மையான விரலில் அவள் செய்தது அதுதான் முதல் தடவையாம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரத்தம், ஈ.சி.ஜி., சிறுநீர் என்று பரிசோதனை. வீட்டில் அன்றைக்கு யாரும் கபடி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. சிவக்குமார் மட்டும் துணி மடித்துக்கொண்டே, "கை நல்லானாப் போதும். வெளையாட்டெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். யாழினி என் இடது கையில் மருதாணி வைக்கட்டுமா என்று கேட்டாள். வலது கையைத்தானே டாக்டர் எடுத்துக்கொள்வார், இது சும்மாதானே இருக்கும் என்றாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் நகத்தில் எதுவும் கூடாது என்று சொல்லியிருந்ததால், உள்ளங்கையில் மட்டும் ஒரு வட்டம் வைத்துக்கொள்ள அனுமதித்தேன்.

திங்கட்கிழமை காலை. தியேட்டருக்குள் போகும்வரை பயம்தான். ஆனால் உள்ளே நடந்தது வேறு.

டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், என்னை மயக்கப் போவதில்லை என்று. கையில் மட்டும் மரத்துப்போகிற ஊசி. அதோடு ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்திருக்கும், அதனால் ரத்தம் அதிகம் கசியாது. ஏன் மயக்கவில்லை என்றால், கட்டி முடித்ததும் நார் சரியாக இழுக்கிறதா என்று நானே மடக்கிக் காட்ட வேண்டுமாம். மயங்கிக் கிடக்கிறவரால் அது முடியாதே!

ஊசி சுருக்கென்றது. அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் உள்ளங்கை வெள்ளைக் காகிதம் போல வெளுத்துவிட்டது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணித் தடுப்பு. பக்கத்தில் ஒரு நர்ஸ், என் ஊர் எது, என்ன சமையல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வலி இல்லை. ஆனால் யாரோ தள்ளுவதும் இழுப்பதும் தெரிந்தது, நாற்காலியில் தூங்குகிறவரின் துப்பட்டாவை யாரோ இழுத்தால் தெரியுமே, அப்படி.

"நார் கெடைச்சிருச்சு" என்றார் டாக்டர், தனக்குத்தானே. "நல்லாத்தான் இருக்குது. சுருங்கல."

விரலில் நார் ஓடுவதற்கு வரிசையாகச் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கின்றன. உள்ளங்கையில் கிடந்த நுனியை ஒரு மெல்லிய குழாயில் கட்டி, அந்த வளையங்கள் வழியாக ஒவ்வொன்றாக நுழைத்து மேலே கொண்டுவர வேண்டும். டாக்டர் அதைச் சொல்லச் சொல்ல எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. இது நான் தினமும் செய்கிற வேலை! காடிக்குள் கம்பியை நுழைப்பது!

"டாக்டர், அவசரப்பட்டுத் தள்ளாதீங்க. இன்சுலேஷன் உரிஞ்சிரும்" என்றேன்.

தியேட்டரில் எல்லாரும் சிரித்தார்கள். "நீங்க காயில் சுத்தறவங்கன்னு ஃபைல்ல பாத்தேன்" என்றார் டாக்டர். "கவலப்படாதீங்க. நானும் மெதுவாத் தள்ற ஆளுதான்."

பிறகு விரல் நுனி எலும்பில் சின்னத் துளை. கிர்ரென்ற சத்தம். நாரில் கோத்த நூலை அந்தத் துளை வழியாக நகத்துக்கு மேலே கொண்டுவந்து, அங்கே ஒரு பொத்தானில் முடிச்சுப் போட்டார்கள். ஆமாம், பொத்தான். சட்டைப் பொத்தான் மாதிரியேதான் இருந்தது. நார் எலும்போடு ஒட்டும்வரை அந்தப் பொத்தான்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்போது டாக்டர் சொன்னார்: "தேன்மொழி, இப்ப மெதுவா விரலை மடக்குங்க. பாக்கணும்னா பாக்கலாம்."

நர்ஸ் பச்சைத் துணியைக் கொஞ்சம் தாழ்த்தினார். தூரத்தில் யாருடைய கையோ போல என் கை கிடந்தது. விரலில் வளைந்து வளைந்து கீறல். பார்க்கப் பயமாக இல்லை, விசித்திரமாக இருந்தது. மரத்துப்போன கை, அதனால் நான் மடக்குகிறேனா இல்லையா என்றே உள்ளுக்குள் தெரியவில்லை. மனதில் மட்டும் சொன்னேன்: மடங்கு.

மடங்கியது.

நான்கு விரலும் சேர்ந்து மடங்கின, மோதிர விரலின் நுனியும் கூடவே, மெதுவாக, தலைகுனிகிற மாதிரி. உணர்ச்சி இல்லாத விரல், ஆனால் என் சொல் கேட்டது. எட்டு நாளாகக் கேட்காத விரல்! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்க ஒரு கையும் இல்லை, இடது கை துணிக்கு அடியில். நர்ஸ்தான் துடைத்துவிட்டார்.

"நீட்டுங்க. மறுபடி மடக்குங்க. போதும், போதுங்க!" டாக்டர் சிரித்தார். "விட்டா இப்பவே ரெய்டரைப் புடிப்பீங்களாட்ட இருக்குது."

வெளியே வந்ததும் சிவக்குமாரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் தூக்குவாளியைத் திறந்து ரசஞ்சாதத்தை ஊட்டிக்கொண்டே கேட்டார், நான் பேசும்போது ஸ்பூனை நிறுத்தி, நிறுத்தும்போது வாயில் வைத்து. அன்று சாயங்காலம் மரப்பு விட்டதும் வலி வந்தது. அதையும் மறைக்கக் கூடாது, நல்ல வலி. தலையணைமேல் கையை உயர்த்தி வைத்து, மாத்திரை போட்டு, மறுநாள் வீடு வந்தோம்.

ஆபரேஷன் பாதி வேலைதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சம் குனிந்த நிலையில் இருக்கும்படி, கையின் மேல்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஆறு வாரம் அதைக் கழற்றக் கூடாது. அந்தக் கையால் எதையும் பிடிக்கக் கூடாது. காகிதத்தைக்கூட. ஆனால் அசைக்காமலும் இருக்கக் கூடாது, அசைக்காவிட்டால் நார் சுற்றியிருக்கும் சதையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மணிக்கொரு தரம் இடது கையால் வலது விரலைப் பிடித்து மெதுவாக மடக்கி, மெதுவாக விட வேண்டும். கை தெரபிஸ்ட் ஜாஸ்மின் அதைச் சொல்லிக்கொடுத்தார். "அசைச்சாலும் ஆபத்து, அசைக்காட்டியும் ஆபத்து. நடுவுல ஒரு சந்து இருக்குது. அதுல போகணும்" என்றார்.

அந்த ஆறு வாரமும் யாழினிக்கு அவள் அப்பாதான் தலை பின்னினார். முதல் நாள் பின்னல் காதுக்கு மேல் ஏறி நின்றது. பள்ளியில் கேட்டவர்களிடம், புது ஸ்டைல் என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்றாவது வாரம் அவர் வேனில் வரும் இன்னொரு குழந்தைக்கும் அவிழ்ந்த பின்னலைப் பின்னிவிட்டதாகப் பெருமையோடு சொன்னார்.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் என் உயிரே போனது. ஃபிரிட்ஜைத் திறந்தேன். கதவில் இருந்த பால் பாக்கெட் சரிந்தது. நான் யோசிக்கவே இல்லை. வலது கை பாய்ந்து பிடித்தது. பிடித்தபிறகுதான் பிடித்தது எந்தக் கை என்று தெரிந்தது. விரலில் சுரீரென்று ஒரு இழுப்பு. பாக்கெட்டைக் கீழே விட்டேன். பால் தரையெல்லாம் ஓடியது. அதற்கு நடுவில் நின்றுகொண்டு, "ஏனுங்க, அத்துப்போட்டேனுங்க! கட்டுனதை அத்துப்போட்டேன்!" என்று கத்தினேன்.

மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே அறை. டாக்டர் என்னை மடக்கிக் காட்டச் சொல்லவில்லை, அதுவே ஆபத்து. தட்டைக் கழற்றி, என் முழங்கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் மெல்லப் பின்னால் சாய்த்தார். மணிக்கட்டு பின்னால் சாய்ந்தால் விரல்கள் தாமாக வளையும், நார் முழுசாக இருந்தால். ஆள்காட்டி வளைந்தது. நடுவிரல் வளைந்தது. மோதிர விரலைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் கூரையைப் பார்த்தேன்.

"அம்மா, பாரு, பாரு!" யாழினிதான் கத்தினாள். "அதுவும் கும்பலோட சேந்துருச்சு!"

சேர்ந்துதான் இருந்தது. நுனி அழகாக உள்ளே வளைந்திருந்தது. டாக்டர் பெருமூச்சு விட்டதைப் பார்த்தபோதுதான், அவரும் பயந்திருந்தார் என்று புரிந்தது. "பால் போனாப் போகட்டும்மா" என்றார். "இனி எது விழுந்தாலும் விழட்டும்னு வேடிக்கை பாருங்க."

ஆறாவது வாரம் பொத்தானை எடுத்தார்கள். தட்டும் போனது. இனி நானாக மடக்கலாம் என்றார்கள். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். நுனி நெல்மணி அகலத்துக்கு நகர்ந்தது. அவ்வளவுதான். தியேட்டரில் அத்தனை அழகாக மடங்கியது இப்போது தழும்பில் ஒட்டிக்கொண்டு இறுகிக் கிடந்தது. ஜாஸ்மின் கோணம் அளக்கும் கருவியை வைத்து அளந்தார். "இங்கிருந்துதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க" என்றார். நான் நம்பவில்லை.

ஆனால் அந்த தெரபி அறை என்னைத் தூக்கி நிறுத்தியது. காத்திருப்பு அறையில் பார்த்தவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். மேனேஜர் சுவரில் விரலை நண்டு போல ஏற்றி ஏற்றித் தோளை உயர்த்துவார். நேற்று வைத்த பென்சில் கோட்டை இன்று தாண்டினால் அறையே கைதட்டும். கீப்பர் பையனின் விரல் நிமிர்ந்துவிட்டது. பழனிச்சாமி அண்ணன் எடைக் கட்டையை மெதுவாக இறக்கிக்கொண்டே தோப்புக்குள் யானை வந்த கதை சொல்வார். "நீ நடுமூட்டைப் புடிச்சுட்டு நுனியை மடக்கம்மணி. நான் இதை இறக்கறேன். யாரு மொதல்ல பத்து முடிக்கறதுன்னு பாக்கலாம்" என்பார். போட்டி என்று வந்தால் எனக்குச் சும்மா இருக்க வருமா? அடுத்த வாரம் கோணம் கூடியது. அதற்கடுத்த வாரம் இன்னும் கூடியது. பரீட்சை முடிந்த காவ்யா வந்து பார்த்தபோது விரல் நுனி உள்ளங்கையைத் தொடக் கொஞ்சம்தான் பாக்கி. அவள் கையாலேயே அளந்தாள். அவளே அழுதாள், அவளே சிரித்தாள்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் டாக்டர், எல்லா வேலையும் செய்யலாம், நான்காம் மாதத்துக்கு மேல் கபடியும் ஆடலாம் என்றார். விரல் முழுசாக நிமிராது, ஒரு சின்ன வளைவு எப்போதும் இருக்கும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கிருந்த கவலை வேறு. கை ஆறிவிட்டது, நான் ஆறவில்லை. கதவைத் திறக்க இடது கை, பை தூக்க இடது கை. ஒர்க்‌ஷாப்பில் கம்பியை அழுத்தும்போதுகூட மோதிர விரலை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தேன். ஜாஸ்மின் கண்டுபிடித்துத் திட்டினார். டாக்டர் சொன்னால் நம்புவேன், கருவி சொன்னால் நம்புவேன், என் விரலை மட்டும் நான் நம்பவில்லை.

போன வாரம் கோவில்பாளையத்தில் என் கூட வேலை செய்கிறவரின் புது வீட்டுப் பால் காய்ச்சும் விசேஷம். கணபதியில் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம், உட்கார இடமில்லை. இடது கையில் அவர்களுக்கு வாங்கிய எவர்சில்வர் குடம். வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சரவணம்பட்டி தாண்டியதும் குறுக்கே ஒரு பைக் வர, டிரைவர் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். பஸ் முழுக்க முன்னால் சாய்ந்தது. பின்னால் நின்றவர்கள் என் முதுகில் வந்து விழுந்தார்கள். குடம் இடது கையில் அப்படியே இருந்தது. நான் விழவில்லை.

"ஏனுங்க்கா, குடத்தைக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறீங்க! கம்பியைப் புடிச்சு நில்லுங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

மேலே பார்த்தேன். வலது கை கம்பியைப் பிடித்திருந்தது. என் எடை, முதுகில் விழுந்தவர்களின் எடை, எல்லாம் சேர்ந்து அந்தக் கையில் தொங்கியது. நான்கு விரலும் மடங்கிக் கம்பியைச் சுற்றி இறுகியிருந்தன. நான்குமே.

"புடிச்சிருக்கேனுங்க!" என்று கத்தினேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.